ரப்பர் ஆசிட்டில் வெளிவந்த தாடை

செல்லபாய் யார் என்று அரசாங்கக் காகிதத்தைக் கேட்டால், பார்ட் டைம் கண்டிஞ்சென்ட் ஸ்வீப்பர் என்று சொல்லும். காலை ஏழு மணிக்கு வந்து பத்து மணிக்குள் பெருக்கித் துடைத்துவிட்டுப் போக வேண்டியவள். திருவனந்தபுரத்துப் பழைய கல்லூரி ஒன்றின் ஜியாலஜி டிபார்ட்மெண்டில் அவள் பதினேழு வருஷம் பெருக்கினாள். அதில் பத்து மணிக்கு வீடு திரும்பிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் வரை அங்கே என்ன செய்தாள் என்பதற்கு எந்தக் காகிதத்திலும் பதில் கிடையாது.

நெய்யூர்க்காரி அவள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மிஷனில் லேஸ் பின்னப் போனாள். மயிரிழை நூலையும் குண்டூசியையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற வேலை. பிறகு கொத்தனார் ஞானசிகாமணியைக் கட்டிக்கொண்டு கரமனை ஆற்றோரத்து லைன் வீட்டுக்கு வந்தாள். அவர் ஊரெல்லாம் சுவர் எழுப்பினார். அறுபத்தேழாம் வருஷம் மஞ்சள்காமாலை வந்து மூன்றே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். மகள் விஜயத்துக்கு அப்போது எட்டு வயது. சபை மூப்பர் ஒருவர் யாரிடமோ சொல்ல, அவர் வேறு யாரிடமோ சொல்ல, செல்லபாயின் கையில் துடைப்பம் வந்து சேர்ந்தது.

எழுபத்தொன்றில் டாக்டர் குற்றாலலிங்கம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கோதாவரிப் பக்கம் போய்விட்டு, பதினோரு சாக்கு நிறையக் கல்லோடு வந்தார். டிபார்ட்மெண்ட் தலைவர் அவர். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைமார். வகுப்பில் இங்கிலீஷ், ஆபீசில் மலையாளம், செல்லபாயிடம் மட்டும் ஊர்த் தமிழ்.

"அந்தச் சாக்கைத் தொடாண்டாம் செல்லபாயி. உள்ள இருக்கது பதினெட்டுக் கோடி வருஷத்துச் சாமான்."

"தூசி அவ்வளவு பழசாத் தெரியல்லியே சார்," என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

தரையைத் துடைத்தபடியே அவர் மாணவர்களுக்குச் சொன்னதை அவளும் கேட்டாள். அங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்ததாம். தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அடியில் படிந்து, அதன் மேல் இன்னொரு படிவு, அதன் மேல் இன்னொன்று என்று ஜுராசிக் காலத்தில் பாறையாக ஏறிக்கொண்டே இருந்ததாம். மேல் அடுக்குகளில் மீன்கள். செதில்கள் இன்னும் கறுப்பாக மின்னின. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த சாம்பல் நிற அடுக்கில் தண்ணீர் குடிக்க வந்து சேற்றில் விழுந்த டைனோசர்கள். சாக்குகளில் இரண்டு கல் அந்த அடி அடுக்கைச் சேர்ந்தவை. ஒன்றின் ஓரத்தில் ஒரு பல் தெரிந்தது. புளியங்கொட்டை நிறம், அதே பளபளப்பு.

அந்தச் செய்தி லைன் வீடுகளுக்கும் போயிற்று. பக்கத்து வீட்டு எலிசாள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது கேட்டாள்: "அவ்வளவு பெரிய பல்லின்னா நோவா பேழையில ஏத்தினாராமா?"

"ஏத்தியிருக்க மாட்டாரு. பிறகு நமக்கு எங்க இடம்?"

"ஏசுவே! இந்த வாயி உனக்குச் சோறு போடாது கேட்டியா," என்று எலிசாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாவது நாளே ஒரு பல் இரண்டாக உடைந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு புத்தகம் வரவழைத்தார். வெளிநாட்டில் சுண்ணாம்புக் கல்லை லேசான ஆசிட்டில் ஊறப்போடுகிறார்களாம். கல் கரையும், எலும்பு நிற்கும். அந்த ஆசிட் வாங்க இவர் எழுதிய கடிதம் இரண்டு முறை கேள்வியோடு திரும்பி வந்தது. மூன்றாவது முறை திரும்பியே வரவில்லை. மாதிரிக்கு வாங்கிய சின்னப் புட்டியை அலமாரியில் துடைத்து வைக்கும்போது செல்லபாய் மோந்து பார்த்தாள்.

"சார், வித்துராவில எங்க தங்கச்சி மாப்பிள்ளை ரப்பர் வெட்டுகாரு. பால் உறைய விடதுக்கு ஒரு ஆசிட் ஊத்துவாவ. அதுவும் இப்படித்தான் மூக்கில ஏறும். அது ஆகாதா?"

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். ஆகும் என்று போட்டிருந்தது. அடுத்த வாரம் வித்துரா சந்தையிலிருந்து ஒரு கன்னாஸ் கேனில் ரப்பர் ஆசிட் பஸ் ஏறி வந்தது.

மாணவர்களுக்குப் பரீட்சை, டாக்டருக்கு மீட்டிங். தொட்டிப் பக்கம் நிற்க ஆள் இல்லை. "ஒரு கண்ணு பார்த்துக்கோ செல்லபாயி" என்று ஆரம்பித்த வேலை மெல்ல மெல்ல முழுக்க அவள் கைக்கு வந்தது. ஒரு பங்கு ஆசிட்டுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். ஒரு நாள் ஊறல். பிறகு மூன்று நாள் ஓடுகிற தண்ணீரில் கழுவல். காய வைத்து, புதிதாகத் தெரிந்த எலும்பின் மேல் பசை பூசி, லேஸ் ஊசியால் மிச்சத் துகளைக் கிளறி எடுத்து, மறுபடி ஊறல். ஒரு சுற்றுக்குக் கல் ஒரு நகக்கண் அளவு இறங்கும்.

முதல் மாதங்களில் எலும்பு சில சமயம் வெளுத்து மாவாகப் பார்த்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மேட மாதக் கோடையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டியைக் காலி செய்து கழுவ வழியில்லாமல் பழைய தண்ணீரில் பாதியை அப்படியே விட்டு, மேலே புதுசை ஊற்றினாள். அந்தச் சுற்றில் எலும்பு கறுப்பாக, கெட்டியாக, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. தற்செயலா என்று அடுத்த சுற்றில் தொட்டியை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றிப் பார்த்தாள். வெளுத்தது. மறுபடி பாதி வைத்தாள். நின்றது. ஆப்பத்துக்குப் பழைய மாவு கொஞ்சம் வைக்கிறவளுக்கு இது புரியாமல் போகுமா? புது ஆசிட்டுக்குப் பசி அதிகம். பழசில் ஏற்கெனவே எலும்பும் கல்லும் கரைந்து கிடப்பதால் அதன் பசி பாதி அடங்கியிருக்கும். டாக்டரிடம் சொன்னாள். அவர் "ஓ, வெரி குட்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

எழுபத்தைந்தில் தாடை முழுதாக வெளியே வந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஒன்பது பல். இலை தழை தின்னுகிற ஜாதி, கழுத்து மட்டும் ஒரு தென்னை நீளம் என்றார் டாக்டர். தாடையைக் கையில் ஏந்திய அவர் படம் மலையாளப் பத்திரிகையில் வந்தது. செல்லபாயின் இடது கை மூன்று விரல்களில் அதற்குள் தோல் உரிந்து உரிந்து மரத்துப் போயிருந்தது. அடுப்பில் சட்டியைத் தொட்டாலும் சுடுவது தாமதமாகத்தான் தெரியும்.

அடுத்த வருஷம் டாக்டரின் கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் அச்சாகி வந்தது. அவரே ஒரு பிரதியைச் செல்லபாயிடம் கொடுத்து, "பிள்ளைக்குக் காட்டு" என்றார். விஜயம் அப்போது பிரீடிகிரி. வாசல் படியில் உட்கார்ந்து இங்கிலீஷை எழுத்துக்கூட்டித் தமிழாக்கினாள்.

"நாலாவது பக்கத்துல பழைய தண்ணி வருதும்மா! 'பாதி அளவு பழைய கரைசலைத் தக்கவைப்பது எலும்பைக் காக்கிறது என்று கண்டறிந்தோம்.'"

"யாரு கண்டறிஞ்சது?"

"'கண்டறிந்தோம்'னு இருக்கு."

கடைசிப் பக்கத்தில் நன்றி இருந்தது. யூனிவர்சிட்டிக்கு, படம் வரைந்தவருக்கு, கோதாவரிக்கு வண்டி ஓட்டின டிரைவருக்கு. பிறகு 'ஆய்வகப் பணியாளர்களுக்கு.'

"அது நீதாம்மா," என்றாள் விஜயம், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

"நான் எப்படி மக்ளே? எனக்கு ஸ்வீப்பர்னுல்லா ஆர்டர்."

எழுபத்தெட்டில் லேப் அட்டெண்டர் வேலை ஒன்று காலியாயிற்று. முழு நேரம், நிரந்தரம். பகுதி நேரக்காரர்களுக்கு அதில் ஒரு பங்கு ஒதுக்கீடு உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. இல்லாவிட்டால், லேப் வேலை செய்து பழக்கம் இருப்பதாக மேலதிகாரி எழுதித் தர வேண்டும். செல்லபாய்க்கு அது போதும். ஏழு வருஷமாகச் செய்கிற வேலையின் பெயரால் தன்னை ஒரு நாள் கூப்பிட வேண்டும், அது ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

"ஒரு லெட்டர் வேணும் சார்."

"தாரேனே, அதுக்கென்ன."

"ஆசிட் வேலை நான் செய்யதா எழுதணும் சார். அது எழுதினா போரும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதெப்படி செல்லபாயி? ஸ்வீப்பரை ஆசிட்ல கைவிட வச்சேன்னு நானே எழுதிக் குடுத்தா ஆடிட்காரன் சும்மா விடுவானா? அந்தத் தாடை இப்ப வெளிநாடு வரைக்கும் தெரிஞ்ச சாமான். நாளைக்கு உனக்குக் கை வெந்துச்சுன்னா யாரு பதில் சொல்லுகது?"

"கை வெந்தாச்சே சார்." இடது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் நல்லபடியா எழுதித் தாரேன். நீ கவலைப்படாதே."

நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். விஜயம் படித்தாள்: "'நேர்மையானவர். நேரம் தவறாதவர். அறைகளைச் சுத்தமாக வைத்திருப்பவர்.'" திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

வேலை ஐயப்பனுக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து வயது, எஸ்.எஸ்.எல்.சி., வித்துராக்காரன். அப்பனும் அண்ணன்மாரும் ரப்பர் வெட்டுகிறவர்கள். நல்ல மனுஷன் என்பதுதான் செல்லபாய்க்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. வந்த முதல் நாளே "சேச்சி சாயா குடிச்சோ?" என்று கேட்டான். போனக்காட்டு எஸ்டேட் தமிழர்களோடு பழகினவன், அவளிடம் தமிழைத் தன் மலையாளத்தில் முக்கி எடுத்துப் பேசுவான். அவனோடு கூடவே ஸ்டோரிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் வந்தது. ஏழு வருஷமாக இல்லாத கையுறை.

"இவனுக்கு எல்லாத்தையும் காட்டிக் குடு," என்றார் டாக்டர். இரண்டாவது கல் அப்போது பாதி வேலையில் இருந்தது. மண்டையோட்டின் முன்பாகம், மூக்குத் துவாரத்தோடு. முதல் தாடையைவிட மெல்லிசு, முதல் தாடையைவிட அபூர்வம்.

"எனக்கென்ன சார் தெரியும்? நான் பெருக்குகவ."

"பார்த்தியாடே கோபத்தை!" என்று அவர் ஐயப்பனைப் பார்த்துச் சிரித்தார். ஐயப்பன் சிரிக்கவில்லை.

எல்லாம் காட்டினாள். அளவு, ஊறல், கழுவல், பசை, ஊசி பிடிக்கிற விதம். ஒன்றைத் தவிர எல்லாம். முதல் சுற்று முடிந்து அவன் தொட்டியைத் தூக்கிப் பழைய தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் கொட்டினபோது அவள் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றாள். வாய் திறக்கவில்லை. அச்சடித்த கட்டுரையில் இருக்கிறது. கண்டறிந்தவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். தான் பொய் சொல்லவில்லையே, கேட்டால் சொல்லாமலா இருக்கப் போகிறோம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது மாதம் அவன் கேட்டான்.

"சேச்சி, நிறம் கொஞ்சம் மங்குதோ? நோக்கியே."

அவள் பார்த்தாள். ஓரம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

"காஞ்சா அப்படித்தான் இருக்கும்," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், சொல்லாமல் இருந்தது போய்ப் பொய்யே சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. கையிலிருந்த வாளியை இன்னும் கொஞ்சம் வேகமாக எடுத்துக்கொண்டு போனாள்.

எழுபத்தொன்பதில், ஓணம் முடிந்த மறு வாரம் வெளிநாட்டு அறிஞர் ஒருவர் வரப்போவதாக முன்கூட்டியே தந்தி வந்தது. மண்டையோட்டைப் பார்க்கத்தான் வருகிறார். டாக்டர் நிலைகொள்ளாமல் அலைந்தார். கல் இன்னும் இரண்டு விரல்கடை இருந்தது. ஓண விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம், வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த செல்லபாய்க்கு லேபுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. அந்தத் தொட்டியின் சத்தம் அவளுக்கு மனப்பாடம். காதைக் கிட்டே வைத்தால்தான் கேட்கும், யாரோ ரகசியம் பேசுவதுபோல. இது கதவைத் தாண்டிக் கேட்டது. காய்ந்த எண்ணெயில் பப்படம் விழுகிற சத்தம்.

உள்ளே ஐயப்பன் கன்னாஸை மூடிக்கொண்டிருந்தான். "மழைக்காலத்தில பால் உறையான் தாமசமானா வீட்டில ஆசிட்டைக் கூட்டி விடும், சேச்சி. இரட்டிப்பா விட்டிட்டுண்டு. நாளை காலத்தே வந்து மாத்திடுவேன். இப்பப் போனாலே வித்துராவுக்கு பஸ்ஸில நிக்கவாவது இடம் கிட்டும்."

ரப்பர் பாலுக்கு அது சரி. ஷீட் கொஞ்சம் விறைப்பாக வரும், அவ்வளவுதான். இங்கே பழைய தண்ணீர் ஒரு துளியும் இல்லாத தொட்டி, இரட்டை ஆசிட், தாள் கனத்தில் எலும்பு.

"சரி, நீ போ," என்றாள். அவன் போனான். சாவி அவளிடம் இருந்தது. கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட ஒரு நிமிஷம் போதும். கதவைப் பூட்டிவிட்டுக் கரமனை பஸ் பிடித்தாள்.

விஜயம் பி.எஸ்சி. கடைசி வருஷம். புஸ்தகத்தோடு உட்கார்ந்திருந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்போ கரைஞ்சு போகுமா?"

"போகும்."

"நீ பார்த்துட்டுச் சும்மா வந்தியா?"

"பின்னே என்ன செய்யணும்? பெருக்க வேண்டியவ பெருக்கிட்டு வந்தாச்சு. சாருக்க படத்தைப் பேப்பர்ல போட்டப்ப என்னைக் கூப்பிட்டாவளா?"

விஜயம் புஸ்தகத்தை மூடினாள். பிறகு, "அம்மா, அது சாருக்க எலும்பா?" என்று கேட்டாள்.

செல்லபாய் சோற்றுச் சட்டியைத் தொடாமல் மூடி வைத்துவிட்டுப் படுத்தாள். விடிகிற வெளிச்சம் வந்ததும் முகம் கழுவாமல்கூட இறங்கினாள். பண்டிகைக் காலை, அந்நேரத்துக்கு பஸ் இல்லை. தம்பானூர் வழியாக நடந்தாள். வாசல்களில் பெண்கள் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி அரை மைல் ஓடினாள்.

தொட்டியில் சத்தம் அடங்கியிருந்தது. கல் அநேகமாக முழுக்கக் கரைந்துவிட்டது. நடுவில் மண்டையோடு கிடந்தது, வெள்ளை வெளேரென்று. ஒரு பல்லை ஆள்காட்டி விரலால் தொட்டாள். வெந்த மரச்சீனிக் கிழங்குபோல விரல் உள்ளே போயிற்று. மரத்துப்போன விரல், பல்லைத் தொட்டதே அதற்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. தண்ணீரை வடிக்கப் பார்த்தாள். வடிகிற தண்ணீரோடு மூக்குத் துவாரத்தின் விளிம்பு குழைந்து போயிற்று. அதன் பிறகு எதையும் தொடாமல் அப்படியே நின்றாள்.

ஐயப்பன் ஒன்பது மணிக்கு வந்தான். டாக்டர் லீவு நாளென்றும் பாராமல் பத்து மணிக்கு வந்தார். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் கட்டிடம் அதிர்ந்தது. ஐயப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு என்னோடதா சார். சேச்சி எல்லாம் காட்டித் தந்ததா."

"எல்லாம் காட்டல்லை சார்," என்றாள் செல்லபாய். "பழைய தண்ணியப் பாதி வச்சுக்கிடணும். அதை நான் இவனுக்குச் சொல்லல்லை. வேணும்னுதான் சொல்லல்லை."

"என்ன பழைய தண்ணி?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

"நீங்க எழுதினதுதான் சார். நாலாவது பக்கத்துல இருக்கு."

டாக்டரின் முகம் ஒரு கணம் மாறிற்று. ஐயப்பனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நோயாளியிடம் பேசுகிறவர்போல அன்பாகவே சொன்னார்: "செல்லபாயி, உனக்கு இதுல ஒண்ணும் இல்லை. இது ஆசிட் அளவு தப்பினது. இதெல்லாம் உனக்குப் புரியுகதுக்கில்லை. மனசைப் போட்டு அலட்டாதே. போ, போய் ஒரு வாளி எடுத்துட்டு வா."

அவள் போய் வாளி எடுத்து வந்தாள்.

ஐயப்பனுக்கு மெமோ வந்தது. புரொபேஷன் ஒரு வருஷம் நீண்டது. விசாரணைக் காகிதம் மூன்று பக்கம். அதில் தொட்டியின் அளவு இருந்தது, ஆசிட்டின் அளவு இருந்தது, அன்றைய மழை அளவுகூட இருந்தது. செல்லபாயின் பெயர் இல்லை. தாடை வெளியே வந்தபோது இல்லாத பெயர் மண்டையோடு அழிந்தபோதும் இல்லை. காசு கொடுத்தாலும் அந்தத் தப்பு அவளுக்குக் கிடைக்காது போலிருந்தது.

வாளியில் எலும்புக் குழம்பை அள்ளிக்கொண்டிருந்த அந்தக் காலையில் டாக்டர் வெளியே போனதும் ஐயப்பன் கேட்டான்.

"நிறம் மங்குதோன்னு அன்னைக்கு நான் கேட்டப்பவே சேச்சிக்குத் தெரியுமாயிருந்து, இல்லே?"

"தெரியும்."

அவன் தலையை ஆட்டினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். இரண்டு பேருமாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தக் கட்டிடத்தில் அவளுக்கு அந்த வேலை தெரியும் என்பதைச் சந்தேகமில்லாமல் நம்பிய ஒரே ஆள் அவன்தான்.

பிறகு அவன் வேறெங்கிருந்தோ கேட்டும் படித்தும் வேலையைக் கற்றுக்கொண்டான். மீன் கற்களை நன்றாகவே வெளியே எடுத்தான். எண்பத்துநாலில் செல்லபாய் வேலையை விடும் வரை தினமும் காலையில் அவள் லேபைத் துடைக்கப் போவாள். அவள் காலடிச் சத்தம் வராந்தாவில் கேட்டதும் ஐயப்பன் எழுந்து, ஒரு துணியை எடுத்து, அவள் கண்ணில் படாதபடி தொட்டியை நான்கு மூலையும் இழுத்து மூடிவிட்டு, அவள் துடைத்து முடிக்கும் வரை வெளியே போய் நிற்பான்.